ஓங்கல் வரும்போது படகை யார் பார்ப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஆற்றுக் கழிமுகத்தில் ஓங்கல் (டால்பின்) பார்க்கப் போன அனுபவம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முதுகுத் துடுப்பு எழும்பி மறையும் அந்த நொடியை எழுதியிருந்த விதத்திலேயே அவர் எவ்வளவு நெகிழ்ந்து போயிருக்கிறார் என்பது தெரிந்தது. ஆனால் நடுவில் ஒரு வரி தூக்கிவாரிப் போட்டது. படகோட்டியிடம் விடாமல் கேட்டால் கூட்டத்துக்கு நடுவிலேயே கொண்டுபோய் நிறுத்துவார் என்று வாசகர்களுக்கு யோசனை சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நானும் ஒரு கழிமுகத்தில் தன்னார்வப் படகுக் குழுவில் இருக்கிறேன். தண்ணீரில் ஆபத்தில் சிக்கியவர்களை மீட்பது எங்கள் முதல் வேலை. ஓங்கல்களைக் கணக்கெடுக்க வருபவர்களை ஏற்றிச் செல்வது அடுத்தது. சேர்ந்த புதிதில் படகில் கால் வைக்கவே விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பவுலைன் முடிச்சுப் போடுவது, வி.எச்.எஃப். ரேடியோவில் ஆபத்து அழைப்புக்கான 16ஆம் சானலில் பேசுவது, ஓத (கடல் நீர் ஏறி வற்றும் நேர) அட்டவணை படிப்பது என்று எல்லாம் கரையிலேயே நடந்தது.

பிறகு வந்தது ‘ஆள் விழுந்தாச்சு’ பயிற்சி. ஆள் உருவ டம்மி ஒன்றைத் தண்ணீரில் தள்ளிவிடுவார்கள். அதை முதலில் பார்த்தவர் உரக்கக் கத்திவிட்டு, கையை நீட்டிக் காட்டிக்கொண்டே நிற்க வேண்டும். படகு எந்தப் பக்கம் திரும்பினாலும் கையும் கண்ணும் டம்மியை விட்டு விலகக் கூடாது. கயிறு எடுப்பதும் உதவி கேட்பதும் மற்றவர்கள் பொறுப்பு. அலைக்கு நடுவே மிதக்கும் தலை எவ்வளவு சிறியது என்பது அங்கே நின்று பார்த்தால்தான் புரியும்.

அன்று கை காட்டும் பொறுப்பு என்னுடையது. படகு பாதி திரும்பியிருந்தபோது அணியத்துக்கு (படகின் முன்முனைக்கு) முன்னால் மூன்று ஓங்கல்கள் மூச்சுவிட்டு எழுந்தன. ஒன்றின் விலாவை ஒட்டிக் குட்டி. நான் திரும்பிப் பார்த்தேன். இரண்டு நொடி, மிஞ்சிப் போனால் மூன்று. மறுபடி பார்த்தபோது டம்மியைக் காணோம். சுக்கான் பிடித்திருந்தவரும் ஓங்கல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பயிற்சி தந்தவர் இன்ஜினை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, “ஆள் எங்கே?” என்று கேட்டார். டம்மி என்று சொல்லவில்லை. தேடி எடுக்கப் பதினோரு நிமிடம் ஆயிற்று. குளிர்ந்த நீரில் விழுந்தவருக்குக் கைகால் விறைத்து நீந்தும் வலு போய்விட அவ்வளவு நேரம் போதும்.

அன்றிலிருந்து எங்கள் படகில் ஒரு முறை வைத்திருக்கிறோம். ஓங்கல் பார்க்கப் போகும்போது சுக்கான் பிடிப்பவர் ஓங்கலைப் பார்ப்பதில்லை. பார்க்க இன்னொருவர் இருப்பார். திசையையும் தூரத்தையும் அவர் வாயால் சொல்வார்.

இதை வெறும் கட்டுப்பாடு என்று நினைத்துவிட வேண்டாம். கழிமுகத்தில் ஓதம் ஏறவோ வற்றவோ ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும். அந்தத் தண்ணீரைப் பன்னிரண்டு பங்காக வைத்துக்கொண்டால் முதல் மணியில் 1 பங்கு, அடுத்து 2, பிறகு 3, மறுபடி 3, அப்புறம் 2, கடைசியில் 1 என்று நகரும். இது கைக்கணக்குதான், ஆனால் படகோட்டிக்கு உதவும். நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதித் தண்ணீர் போய்விடுகிறது. ஒடுங்கிய இடங்களில் அந்த இழுப்பு மீன்களை ஒரே வழியாகத் தள்ளிக்கொண்டு வரும். பல கழிமுகங்களில் ஓங்கல்கள் இரைக்காகக் காத்திருப்பதும் அங்கேதான். வற்றும் நீருக்கு எதிர்க்காற்று அடித்தால் அலை குட்டையாக, செங்குத்தாக எழும்பும். ஆக ஓங்கல் நன்றாகத் தெரியும் நேரத்தில்தான் படகு சொன்ன பேச்சைக் கேட்காது. அந்த நேரத்தில் ‘இன்னும் கிட்டே, இன்னும் கிட்டே’ என்று பத்துப் பேர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றால் என்ன ஆகும்?

ஓங்கலின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். கலங்கிய கழிமுக நீரில் அது காதால்தான் பார்க்கிறது. தான் எழுப்பிய ஒலி மீனில் பட்டுத் திரும்புவதை வைத்து இரை எங்கே என்று அறிகிறது. தண்ணீருக்குள் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் ஓடும். நாம் கியர் மாற்றி ஆக்ஸிலரேட்டரைத் திருகும் இரைச்சல் நமக்குக் கேட்பதைவிட அதற்கு எவ்வளவோ உரக்கக் கேட்கும். பால் குடிக்கும் குட்டி தாயை விட்டுப் பிரிய நேர்ந்தால் அது பிழைப்பது கடினம்.

அயர்லாந்தின் ஷானன் கழிமுகத்தில் ஓங்கல்கள் நிரந்தரமாக வாழ்கின்றன. துடுப்பு விளிம்பிலுள்ள வெட்டுகளைப் படமெடுத்து ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் காணும் வேலை அங்கே 1990களிலிருந்து நடக்கிறது. அயர்லாந்தில் படகுகளுக்கான வழிகாட்டுதல்படி 100 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும், வேகம் மணிக்கு 7 கடல் மைலைத் தாண்டக் கூடாது, 30 நிமிடத்துக்கு மேல் கூடவே இருக்கக் கூடாது. நேர் எதிரேயோ பின்னாலிருந்து துரத்தியோ போகாமல் பக்கவாட்டில் இணையாகச் செல்ல வேண்டும் என்பதை எங்களுக்கும் சொல்லித் தந்தார்கள். அவையாகவே படகின் முன்னலையில் விளையாட வந்தால், வேகத்தையும் திசையையும் மாற்றாமல் போனால் போதும்.

பிரேசிலின் லகுனா என்ற ஊரில் மீனவர்கள் வீச்சு வலையைக் கையில் பிடித்தபடி இடுப்பளவு நீரில் அசையாமல் நிற்பார்கள். ஓங்கல்கள் மடவை மீன் கூட்டத்தைக் கரைப்பக்கம் ஓட்டி வந்து, உடலை வளைத்து ஒரு சைகை காட்டும். அப்போதுதான் வலை விழும். அங்கே யாரும் ஓங்கலைத் துரத்திக்கொண்டு போவதில்லை.

கட்டுரையாளர் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அவரை இழுத்தது எதுவோ அதுதான் என் கண்ணையும் இழுத்தது. தங்களிடம் கேட்பது ஒன்றுதான். இனி இத்தகைய பயணக் கட்டுரைகளை வெளியிடும்போது ஓரத்தில் சின்னதாக ஒரு கட்டம் போட்டு, எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், எவ்வளவு நேரம் என்பதை அச்சிடுங்கள். படகில் ஏறியதும் சுக்கான் யார் கையில், பார்த்துச் சொல்பவர் யார், லைஃப் ஜாக்கெட் எங்கே என்று கேட்கவும் வாசகர்களுக்குச் சொல்லுங்கள். அந்தக் கட்டத்தை எழுதித் தரவும், சரிபார்த்துத் தரவும் எங்கள் குழுவில் ஆள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஒரு தன்னார்வப் படகுக் குழு உறுப்பினர்