ப்ராசஸரைப் பற்றி உண்மையைச் சொல்லுங்கள்: விளையாட்டு நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெரிய கணினி விளையாட்டுகளைத் தயாரித்து வெளியிடும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கணினிகளைப் பொருத்தித் தருவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். என் மேசைக்கு வரும் புகார்களில் ஒரு வகைக்கு என்னால் முழுத் தீர்வு தர முடிவதில்லை. அது உங்கள் கையில் இருக்கிறது. புதிய விளையாட்டை வாங்கிய ஒருவர், ஃப்ரேம் ரேட் (திரையில் வினாடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை) போதவில்லை என்று, படத்தை வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டை மாற்றுகிறார். நாற்பதாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் செலவாகிறது. திரும்பவும் விளையாட்டில் வரும் அதே நகரத்துச் சந்தைக்குள் நுழைந்து பார்த்தால், வினாடிக்கு 38 ஃப்ரேம் வந்த இடத்தில் 39 வருகிறது. குறை கார்டில் இல்லை, கணினியின் மூளையான ப்ராசஸரில் இருக்கிறது என்பதை அவருக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. உங்கள் விளையாட்டு ப்ராசஸரிடம் எவ்வளவு வேலை வாங்குகிறது என்பதை, வாங்குவதற்கு முன்பே அளந்து பார்க்கும்படி வெளியிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப்போவதில்லை. ஆனால் இதைப் படிக்கும் விளையாட்டுப் பிரியர்களுக்காகச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் முதலில் ப்ராசஸர் உழைக்கிறது. பாத்திரங்கள் எங்கே நடக்க வேண்டும், எது எதில் மோதியது, எந்தப் பொருள் கண்ணுக்குத் தெரியும் என்றெல்லாம் கணக்கிட்டு, வரைய வேண்டியவற்றின் பட்டியலை அதுதான் கார்டிடம் ஒப்படைக்கிறது. வினாடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லி வினாடி. 144 வேண்டுமென்றால் 7 மில்லி வினாடிகூட இல்லை. ப்ராசஸர் தன் பங்குக்கு 26 மில்லி வினாடி எடுத்துக்கொண்டால், உலகத்திலேயே விலை உயர்ந்த கார்டைப் பொருத்தினாலும் 38 ஃப்ரேமைத் தாண்ட முடியாது. பந்தியில் பரிமாறப் பத்துப் பேர் நின்றாலும் அடுப்படியில் சோறு வெந்தால்தானே இலைக்கு வரும்?

இந்த நிலையில் திரையில் தெரியும் எண்கள் பயனரைக் குழப்புகின்றன. கண்காணிப்பு மென்பொருளை ஓட விட்டால் கார்டின் பயன்பாடு 55 சதவீதம் என்றும் ப்ராசஸரின் பயன்பாடு 30 சதவீதம் என்றும் காட்டுகிறது. இரண்டுமே சும்மா இருக்கும்போது விளையாட்டு ஏன் திணறுகிறது என்று கேட்கிறார்கள். ஆறு கோரும் (தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகள்) பன்னிரண்டு த்ரெட்டும் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசைகள்) உள்ள ப்ராசஸரில், விளையாட்டின் முதன்மை த்ரெட் ஒன்று மூச்சு முட்ட ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது சுமார் 8 சதவீதம்தான். அந்த வேலையை விண்டோஸ் ஒரு கோரிலிருந்து இன்னொரு கோருக்கு மாற்றிக்கொண்டே இருப்பதால், கோர் வாரியாகப் பிரித்துப் பார்த்தாலும் ஒன்றுகூட நூறைத் தொடாமல் போகலாம். ஆகவே நான் பார்ப்பது கார்டின் பயன்பாட்டை. ஃப்ரேம் ரேட்டுக்கு எந்த வரம்பும் வைக்காத நிலையில் கார்டு 90 சதவீதத்துக்கு வெகு கீழே நின்றால், ரெசல்யூஷனைப் பாதியாகக் குறைத்துப் பார்ப்பேன். அப்போதும் ஃப்ரேம் ரேட் அசையவில்லை என்றால் ப்ராசஸர் பக்கம்தான் சிக்கல். 2023-இல் இன்டெல் தன் பிரசன்ட்மான் கருவியில், ஒரு ஃப்ரேமில் கார்டு உண்மையில் உழைத்த நேரத்தைத் தனியாகக் காட்டத் தொடங்கிய பிறகு இந்தச் சோதனை இன்னும் எளிதாகிவிட்டது.

எங்கள் தரப்பில் செய்ய வேண்டியவற்றைச் செய்யாமல் உங்களைக் குறை சொல்ல வரவில்லை. 6000 வேகம் என்று அட்டையில் போட்டு விற்கும் டிடிஆர்5 ரேம், பயாஸ் எனப்படும் கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கத்துக்குள் போய் அந்த வேகத்துக்கான புரொஃபைலை இயக்காதவரை பெரும்பாலும் 4800-இலோ அதை ஒட்டிய வேகத்திலோதான் ஓடுகிறது. அதை இயக்காமல் ஆண்டுக்கணக்கில் விளையாடுகிறவர்கள் ஏராளம். ஒரே 16 ஜிபி ரேமைச் செருகிவிட்டு ரேமுக்கான இரண்டாவது பாதையை (சேனல்) காலியாக விட்டிருப்பார்கள். மடிக்கணினியைச் சார்ஜரில் போடாமலே ஓட்டுவார்கள். சித்திரை வெயிலில், தூசி அடைத்த விசிறியோடு, ப்ராசஸர் சூட்டைத் தாங்க மாட்டாமல் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இவற்றையெல்லாம் சரிசெய்து கொடுக்கிறோம். பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் அல்ல.

கையில் பணமிருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ப்ராசஸர் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனம் 2022-இல் கொண்டுவந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி ப்ராசஸர், தன் முன்னோடியான 5800எக்ஸைவிடக் குறைந்த வேகத்தில் ஓடுவது. ஆனால் முன்னோடியில் 32 எம்பியாக இருந்த மூன்றாம் நிலை கேச் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகம்) இதில் 96 எம்பி. பல விளையாட்டுகளில் அது முன்னோடியை எளிதாக மிஞ்சியது. இதிலிருந்து தெரிவது என்ன? அந்த விளையாட்டுகளில் ப்ராசஸரின் நேரத்தில் கணிசமான பகுதி கணக்குப் போடுவதில் போகவில்லை. ரேமிலிருந்து தரவு வந்து சேரட்டும் என்று காத்திருப்பதில் போகிறது. தரவை நினைவகத்தில் எப்படி அடுக்கி வைப்பது என்பது நிரல் எழுதுகிறவர் எடுக்கும் முடிவு. அந்த முடிவு சரியாக அமையாததன் செலவை, பெரிய கேச் உள்ள ப்ராசஸரை வாங்கி வாடிக்கையாளர் கட்டிக்கொண்டிருக்கிறார்.

இனி உங்கள் பக்கம் வருகிறேன். 2024 மார்ச்சில் வெளியான டிராகன்ஸ் டாக்மா 2 என்ற விளையாட்டு, ஊருக்கு வெளியே நன்றாக ஓடி, நகரத்துக்குள் நுழைந்ததும் தள்ளாடியது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ப்ராசஸரின் உழைப்பு அதிகமாக ஒதுக்கப்படுவதால், பலர் ஒரே இடத்தில் கூடும்போது ஃப்ரேம் ரேட் பாதிக்கப்படலாம் என்று அதைத் தயாரித்த கேப்காம் நிறுவனமே விளக்கம் தந்தது. ஊர்மக்களை வெட்டிச் சாய்த்தால் ஃப்ரேம் ரேட் ஏறுகிறது என்று சிலர் செய்தே காட்டினார்கள். சிரிப்பாக இருந்தாலும், பிழை எங்கே என்பதை அதைவிடத் தெளிவாக யாராலும் நிரூபிக்க முடியாது. அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த திருத்தத்தில் நகரங்களின் நிலை மேம்பட்டது. யாரும் தங்கள் ப்ராசஸரை மாற்றாமலே மேம்பட்டது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

ஜிடிஏ ஆன்லைன் என்ற விளையாட்டின் கதை இன்னும் பழையது. ஃப்ரேம் ரேட் அல்ல, லோடிங் நேரம்தான் அங்கே பிரச்சினை. என்றாலும் வேர் ஒன்றுதான். உள்ளே நுழையவே ஆறு நிமிடம் காத்திருக்கும் நிலை சிலருக்கு ஆண்டுக்கணக்கில் இருந்தது. 2021-இல் வெளியாள் ஒருவர், மூல நிரல் கையில் இல்லாமலே துருவிப் பார்த்து, சுமார் 10 எம்பி அளவுள்ள ஒரு பட்டியலை விளையாட்டு மிக மோசமான முறையில் படித்துக்கொண்டிருப்பதையும், ஒரே ஒரு த்ரெட் அதற்காக நிமிடக்கணக்கில் உழைப்பதையும் கண்டுபிடித்தார். தாமே ஒரு திருத்தம் எழுதி லோடிங் நேரத்தை ஏறத்தாழ 70 சதவீதம் குறைத்தும் காட்டினார். விளையாட்டைத் தயாரித்த ராக்ஸ்டார் நிறுவனம் அதை ஒப்புக்கொண்டு, அடுத்த மாதமே திருத்தம் வெளியிட்டு, அவருக்கு 10,000 டாலர் பரிசும் அளித்தது. அந்தப் பெருந்தன்மையைப் பாராட்டுகிறேன். ஆனால் அதுவரை ‘உங்கள் கணினி பழையது, எஸ்எஸ்டி போடுங்கள்’ என்று என்னைப் போன்றவர்கள் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்போம்!

கணினிகளில் எண்ணற்ற வகைகள் இருக்கின்றன, எல்லாவற்றிலும் சோதிப்பது இயலாது என்று நீங்கள் சொல்வீர்கள். அது நியாயமான பதில்தான். ஆனால் சிக்கல் ஏன் இப்போது இவ்வளவு பெரிதானது என்பதற்கு அது விளக்கமாகாது. சோனியின் விளையாட்டுக் கருவியான பிளேஸ்டேஷன் 4-இல் இருந்த எட்டுக் கோர்களும் 1.6 கிகாஹெர்ட்ஸில் ஓடிய வலுக்குறைந்த கோர்கள். அதற்காக எழுதப்பட்ட விளையாட்டைச் சாதாரணக் கணினி ப்ராசஸர்கூட இரு மடங்கு வேகத்தில் ஓட்டியது. பிளேஸ்டேஷன் 5-இல் இருப்பதோ 3.5 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடும், ஏஎம்டியின் ஜென் 2 வகைக் கோர்கள். அவற்றின் 33 மில்லி வினாடியை முழுக்கச் செலவழித்து, வினாடிக்கு 30 ஃப்ரேம் என்று திட்டமிட்டு எழுதிய விளையாட்டைக் கணினியில் 60 ஃப்ரேமுக்குக் கொண்டுவர, ஒற்றைத் த்ரெட்டில் ஏறத்தாழ இரு மடங்கு வலு வேண்டும். கோர்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் மட்டும் அது கிடைத்துவிடாது. முன்பு எங்களைக் காப்பாற்றிய இடைவெளி போய்விட்டது. இதை நீங்கள் திட்டமிடும் நாளிலேயே அறிவீர்கள். நாங்களோ பணம் கட்டிய பிறகு அறிகிறோம்.

அதைவிட வருத்தம் தருவது, ஃப்ரேம் ஜெனரேஷனை இதற்கு மருந்தாகக் காட்டும் பழக்கம். மான்ஸ்டர் ஹண்டர் வைல்ட்ஸ் விளையாட்டுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட தேவைப் பட்டியலில், 60 ஃப்ரேம் என்ற இலக்கே ஃப்ரேம் ஜெனரேஷனைச் சேர்த்துத்தான் சொல்லப்பட்டது. இரண்டு உண்மையான ஃப்ரேம்களுக்கு நடுவில் ஒன்றைக் கார்டு தானே உருவாக்கிச் செருகும்போது படம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. ஆனால் விளையாட்டு உங்கள் விரலுக்குப் பதில் சொல்வது பழைய 30 ஃப்ரேம் கணக்கில்தான். இந்த வசதியைப் பயன்படுத்தும் முன் குறைந்தது 60 ஃப்ரேமாவது இருக்க வேண்டும் என்று ஏஎம்டியே பரிந்துரைக்கிறது. அதே விளையாட்டுக்குக் கேப்காம் 2025 பிப்ரவரியில், வெளியீட்டுக்கு முன்பே, இலவசமாக ஒரு பெஞ்ச்மார்க் (விளையாட்டு நம் கணினியில் எப்படி ஓடும் என்று அளந்து காட்டும் சோதனை) கொடுத்தது. மற்றவர்களும் பின்பற்ற வேண்டிய செயல் அது. ஆனால் அதில் கணிசமான நேரம் கதைக்காட்சிகளிலேயே கழிந்ததால், இறுதியில் காட்டிய சராசரி, விளையாடும்போது கிடைப்பதைவிட அழகாகத் தெரிந்தது.

எனவே கேட்பதைத் தெளிவாகவே கேட்கிறேன். வெளியீட்டுக்கு முன் இலவச பெஞ்ச்மார்க் கொடுங்கள்; அதை மலைச்சரிவில் அல்ல, உங்கள் விளையாட்டில் கூட்டம் நெரியும் தெருவில் ஓட்டுங்கள். சராசரியோடு நிறுத்தாமல், மிக மோசமான ஒரு சதவீத ஃப்ரேம்கள் எப்படி வந்தன என்பதையும், தடுத்து நிறுத்தியது ப்ராசஸரா கார்டா என்பதையும் காட்டுங்கள். இது புதுமையான கோரிக்கை அல்ல. 2018-இல் வந்த ஷேடோ ஆஃப் த டூம் ரைடரின் பெஞ்ச்மார்க், ப்ராசஸரின் ஃப்ரேம் ரேட்டையும் கார்டின் ஃப்ரேம் ரேட்டையும் தனித்தனியாகப் பிரித்து, எத்தனை சதவீத நேரம் கார்டு தடையாக இருந்தது என்பதையும் சொல்லியது. தேவைப் பட்டியலில் ஒரு ப்ராசஸரின் பெயரை மட்டும் எழுதாமல், அது ஃப்ரேம் ஜெனரேஷன் இல்லாமல் நகரத்துக்குள் எத்தனை ஃப்ரேம் தரும் என்றும் எழுதுங்கள்.

செட்டிங்ஸ் பக்கத்தில் ஒவ்வொரு தெரிவுக்கும் எதிரே, அதன் சுமை ப்ராசஸர்மீதா கார்டின்மீதா என்று குறிப்பிடுங்கள். ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டுப் படம் வரையும் ரே டிரேசிங் கார்டுக்கு மட்டுமே சுமை என்று நம்பி அதை இயக்கிவிட்டு, ப்ராசஸர் திணறுவதைப் பலர் அறியாமல் இருக்கிறார்கள். சைபர்பங்க் 2077-இல் இருப்பதுபோல் கூட்டத்தின் அடர்த்தியைக் குறைக்கும் வசதியை எல்லாத் திறந்த உலக விளையாட்டுகளிலும் வையுங்கள். நிழலையும் புல்லையும் குறைக்கப் பத்துத் தெரிவுகள் கொடுத்துவிட்டு, ப்ராசஸரின் பாரத்தைக் குறைக்க ஒன்றுகூடத் தராமல் இருப்பது என்ன முறை? ஷேடர்களை (ஒளியையும் நிறத்தையும் கணக்கிடக் கார்டில் ஓடும் சிறு நிரல்களை) விளையாட்டின் நடுவே தயாரித்துத் திக்கவைக்கும் வழக்கத்தைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். தொடக்கத்திலேயே அவற்றைத் தயாரித்து முடித்துவிடுங்கள், நாங்கள் காத்திருக்கிறோம்.

பெஞ்ச்மார்க்கை ஏன் வாங்கும் முன்பே தர வேண்டும் என்பதற்கும் காரணம் இருக்கிறது. ஸ்டீமில் பணத்தைத் திரும்பப் பெற, வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருக்க வேண்டும். பால்டர்ஸ் கேட் 3-இல் ப்ராசஸரை மிக அதிகமாக வதைக்கும் நகரம் வருவது மூன்றாம் பாகத்தில். பலர் பல பத்து மணி நேரம் விளையாடிய பிறகுதான் அங்கே கால் வைக்கிறார்கள். அந்த நகரத்தில் ஃப்ரேம் ரேட் பாதியாகும்போது திருப்பித் தர வழியில்லை, கதையைப் பாதியில் விட மனமும் வராது. அடுத்து அவர் வந்து நிற்பது என் கடையில், கையில் புதிய கிராபிக்ஸ் கார்டின் விலைப்பட்டியலோடு. அது வேண்டாம் என்று நான் சொல்வதற்கு ஆதாரமாக, உங்கள் பெஞ்ச்மார்க்கின் முடிவை அவர் முன் திறந்து காட்ட எனக்கு வழி செய்யுங்கள்.

இப்படிக்கு,
கணினி பொருத்தித் தரும் ஒருவன்