பூட்டப்படாத துப்பாக்கிகள் குறித்து டெக்சஸ் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு டெக்சஸ் மாநில செனட் உறுப்பினர்களுக்கும் பிரதிநிதிகள் அவை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

டாலஸ் நகருக்கு வடக்கே பிளேனோ, ஆலன், பிரிஸ்கோ, மெக்கின்னி என்று அடுத்தடுத்து நீளும் ஊர்களில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. இம்மடலின் ஆங்கிலப் படி உங்கள் அலுவலகங்களுக்குத் தனியே வந்து சேரும். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பொங்கல் விழாவுக்கும் தீபாவளி விழாவுக்கும் நீங்கள் வருகிறீர்கள், பொன்னாடை ஏற்றுக்கொள்கிறீர்கள், எங்கள் பிள்ளைகளின் படிப்பைப் புகழ்ந்து பேசிவிட்டு வாக்குக் கேட்கிறீர்கள். அந்த அரங்குகளில் உங்கள் எதிரே அமர்ந்திருக்கும் பெற்றோர் ஒவ்வொருவரும் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

சென்ற மாதம் எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டில் பிறந்தநாள் விழா நடந்தது. பெரியவர்கள் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மாடியில் ஒளிந்து விளையாடிய பிள்ளைகள் படுக்கையறை மேசையின் இழுப்பறையில் ஒரு கைத்துப்பாக்கியைக் கண்டெடுத்தார்கள். ஒரு சிறுவன் அதைக் கையில் எடுத்து மற்றவர்களுக்குக் காட்டியிருக்கிறான். காட்டப்பட்டவர்களில் ஒன்பது வயதான என் மகளும் ஒருத்தி. துப்பாக்கியில் தோட்டா இல்லை. தோட்டாப் பெட்டி அதே இழுப்பறையில், பாஸ்போர்ட்டுகளுக்கும் பழைய சாவிக்கொத்துக்கும் நடுவே இருந்தது. யாருக்கும் எதுவும் நேரவில்லை. மறுநாள் காவல் துறையில் விசாரித்தபோது, தோட்டா நிரப்பப்படாத துப்பாக்கி என்பதால் சட்டப்படி எடுக்கக்கூடிய நடவடிக்கை ஒன்றுமில்லை என்று மிகுந்த மரியாதையோடு சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் சொன்னது சரியே. தவறு அவர்கள் கையில் கொடுக்கப்பட்டுள்ள சட்டத்தில் இருக்கிறது. அதை இயற்றியதும் திருத்தாமல் வைத்திருப்பதும் நீங்கள் அமர்ந்திருக்கும் மன்றம்.

சட்டத்தை உங்களுக்கு விளக்க வேண்டிய தேவையில்லை. மற்ற பெற்றோருக்காக இரண்டு வரி எழுதுகிறேன். டெக்சஸ் தண்டனைச் சட்டத்தின் 46.13ஆம் பிரிவின்படி, தோட்டா நிரப்பிய துப்பாக்கியைக் குழந்தைக்கு எட்டும்படி அசட்டையாக வைத்திருந்து, குழந்தை அதைக் கைப்பற்றினால் அது குற்றம். தண்டனை அதிகபட்சம் 500 டாலர் அபராதம். அந்தக் குழந்தை சுட்டு உயிரிழப்போ கடுங்காயமோ ஏற்பட்டால் மட்டுமே சிறைத்தண்டனை என்ற பேச்சு வருகிறது. அதுவும் அதிகபட்சம் ஓராண்டு. குழந்தை என்பவர் 17 வயது நிறையாதவர். துப்பாக்கிக் கடைகளில் இதே பிரிவின்படி பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு மாட்டப்பட்டிருக்கிறது: குழந்தைகள் இருக்கக்கூடிய இடத்தில், அவர்கள் கைக்கு எட்டும்படி பாதுகாப்பற்ற துப்பாக்கியை வைப்பது சட்டவிரோதம் என்கிறது அது. தோட்டா நிரப்பியிருந்தால்தான் குற்றம் என்று அந்த அறிவிப்பில் ஒரு சொல்லும் இல்லை. கடைச் சுவரில் சொல்லியிருக்கும் அளவுக்காவது சட்டப் புத்தகம் இருக்கட்டும் என்பதுதான் என் கோரிக்கை. குழந்தைகள் வசிக்கும் அல்லது வந்துபோகும் வீட்டில், உரியவரின் உடலோடோ நேரடிக் கண்காணிப்பிலோ இல்லாத துப்பாக்கி எதுவாயினும் பூட்டி வைக்கப்பட வேண்டும். தோட்டா நிரப்பியதா இல்லையா என்ற பேதம் நீக்கப்பட வேண்டும். 17 என்ற வயது வரம்பு 18 ஆக்கப்பட வேண்டும்.

அந்த ஒரு வயதுக்கு என்ன விலை என்பது ஹூஸ்டனுக்கு அருகே சாண்டா ஃபே உயர்நிலைப் பள்ளியில் 2018 மே 18 அன்று தெரிந்தது. எட்டு மாணவர்களும் இரண்டு ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். பாகிஸ்தானிலிருந்து பரிமாற்றத் திட்டத்தில் வந்து படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியும் அவர்களில் ஒருவர். சுட்ட மாணவனுக்கு வயது 17. அவன் கொண்டுவந்த ஷாட்கன்னும் ரிவால்வரும் தந்தைக்குச் சொந்தமானவை. பதினேழு நிறைந்துவிட்டதால் அவன் அந்தப் பிரிவின் கணக்கில் குழந்தை இல்லை. ஆகவே அந்தத் துப்பாக்கிகள் வீட்டில் எப்படி வைக்கப்பட்டிருந்தன என்ற கேள்விக்கு அந்தப் பிரிவின் கீழ் இடமே இல்லாமல் போயிற்று. பிள்ளைகளை இழந்தவர்கள் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2024 ஆகஸ்டில் நடுவர் குழு சுட்டவனின் பெற்றோர்மீது பொறுப்பில்லை என்று தீர்ப்பளித்தது. சாண்டா ஃபே நடந்த அதே மாதத்தில் ஆளுநர் அலுவலகம் வெளியிட்ட பாதுகாப்புத் திட்டத்திலேயே இந்த வயது வரம்பை உயர்த்தலாம் என்ற யோசனை இருந்தது. 2019, 2021, 2023, 2025 என்று நான்கு வழக்கமான கூட்டத்தொடர்கள் வந்து போய்விட்டன.

சட்டத்தின் இந்த ஓட்டையை அன்றாடம் அடைத்துக்கொண்டிருப்பவர்கள் யார் என்பதை நீங்கள் அறிய வேண்டும். அது தாய்மார்கள் தலையில் விழுந்திருக்கிறது. என் மகளை ஒரு தோழி வீட்டுக்கு விளையாட அழைத்தால், அந்தத் தோழியின் தாயாரிடம் நான் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, இருந்தால் பூட்டி வைத்திருக்கிறீர்களா?” என்பது. விருந்துக்கு அழைக்கும் வீட்டாரிடம் எதையும் கேட்டுச் சங்கடப்படுத்தக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். அந்த வீட்டாரின் வளர்ப்பையும் பொறுப்பையும் சந்தேகிப்பது போலத் தொனிக்காமல் இதை எப்படிக் கேட்பது? வேர்க்கடலை ஒவ்வாமை, வீட்டு நாய் பற்றிய பேச்சோடு சேர்த்துக் கேட்கிறோம். தொலைபேசியில் கேட்கத் தயங்கி வாட்ஸ்அப்பில் எழுதுகிறோம். எழுதியதை இரண்டு முறை அழித்துவிட்டு, முன்னும் பின்னும் சிரிக்கும் முகங்களைச் சேர்த்து அனுப்புகிறோம். சிலர் இயல்பாகப் பதில் சொல்கிறார்கள். பூட்டிய பெட்டகத்தைப் படமெடுத்தும் அனுப்புகிறார்கள். அவர்களுக்கு என் நன்றி என்றும் உண்டு. சிலர் பதில் எழுதுவதில்லை. அதற்குப் பிறகு அழைப்பும் வருவதில்லை. என் மகளின் நட்பு வட்டத்திலிருந்து ஒரு வீடு அப்படித்தான் உதிர்ந்துபோனது. ஏன் அந்த வீட்டுக்கு இனிப் போக முடியாது என்று அவள் கேட்டபோது, அந்தப் பெண்மேல் குறை வராதபடி ஒரு காரணத்தைத் தேட வேண்டியிருந்தது.

இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய கடமை எனக்கு இருக்கும்போது, பூட்டி வைக்க வேண்டிய கடமை துப்பாக்கிக்குச் சொந்தக்காரருக்கு ஏன் தெளிவாக இல்லை? எட்டு வயது நிறையாத குழந்தையைக் காரில் பாதுகாப்பு இருக்கையில்லாமல் ஏற்றிச் சென்றால் இதே மாநிலத்தில் அபராதம் உண்டு. விபத்து நடக்கும்வரை அந்தச் சட்டம் காத்திருப்பதில்லை.

பிறந்தநாள் நடந்த அந்த வீடும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீடுதான் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். இந்தியக் குடும்பங்களில் நகை இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு, கோவிலுக்கோ கல்யாணத்துக்கோ குடும்பத்தோடு போகும் நேரம் பார்த்துப் பூட்டை உடைக்கும் கும்பல்களைப் பற்றி எங்கள் குழுக்களில் பேச்சு ஓயாது. அந்த அச்சத்தில்தான், முன்பு துப்பாக்கியைத் திரையில் மட்டும் பார்த்திருந்த எங்கள் ஆட்களும் கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகு கடைக்குப் போகிறார்கள். தாலிக்கொடியையும் வளையல்களையும் வங்கிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, அவற்றைக் காக்க வாங்கிய துப்பாக்கியைத் திறந்த இழுப்பறையில் போட்டு வைக்கிறார்கள். 2005ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி உரிமம் பெற்ற கடைக்காரர் கைத்துப்பாக்கியோடு ஒரு பூட்டையும் கொடுத்தாக வேண்டும். அந்தப் பூட்டு பெட்டிக்குள்ளேயே கிடப்பதை இந்த மாநிலத்தின் சட்டம் கண்டுகொள்வதில்லை.

திருடனுக்காக வாங்கிய துப்பாக்கி திருடன்மேல் பயன்படும் வாய்ப்பைவிட வீட்டாரில் ஒருவர்மேல் பயன்படும் வாய்ப்பே அதிகம் என்பதை நீங்கள் அறிவீர்கள். அமெரிக்காவில் ஆண்டுதோறும் துப்பாக்கியால் நிகழும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். 2022இல் மொத்தம் 48,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் சுமார் 27,000 பேர் தங்களையே சுட்டுக்கொண்டவர்கள். மற்ற வழிகளில் முயன்றவர்களில் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். துப்பாக்கியால் முயன்றவர்களில் பத்தில் எட்டொன்பது பேர் பிழைப்பதில்லை. 2020 முதல் இந்த நாட்டில் ஒன்று முதல் பத்தொன்பது வயது வரையுள்ள பிள்ளைகளின் மரணத்துக்கு முதற்காரணம் துப்பாக்கி. கார் விபத்துகளையும் அது முந்திவிட்டது. மதிப்பெண்ணுக்காகவும் கல்லூரி இடத்துக்காகவும் இரவெல்லாம் விழித்திருக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகள் எங்களுடையவை. வேலை போனதை ஊரிலுள்ள பெற்றோருக்குச் சொல்லாமல் மறைக்கும் தகப்பன்மார் உள்ள வீடுகள். கணவனின் கை ஓங்கினாலும், விசாவும் பெயரும் கெடுமே என்று வெளியே வாய் திறக்காத பெண்கள் உள்ள வீடுகள். மனநலம் பற்றிப் பேசுவதையே அவமானமாக நினைக்கும் எங்கள் சமூகத்தின் குறையை நாங்கள்தான் சரிசெய்ய வேண்டும். அதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பதினாறு வயதுப் பிள்ளையின் மிக மோசமான பத்து நிமிடத்துக்கும் அந்த இழுப்பறைக்கும் நடுவே ஒரு பூட்டு இருந்தாக வேண்டும் என்று சொல்வது உங்கள் கையில் இருக்கிறது.

பள்ளிகளைப் பற்றியும் அதே உண்மைதான். பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து அமெரிக்க சீக்ரெட் சர்வீஸ் 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, துப்பாக்கி ஏந்திய மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் அதைப் பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள். நீங்கள் 2023இல் பள்ளி வளாகம்தோறும் ஆயுதம் தாங்கிய காவலர் வேண்டும் என்று சட்டம் இயற்றினீர்கள். என் மகள் விளக்கணைத்த வகுப்பறையின் மூலையில் வாய்பொத்தி உட்காரும் ஒத்திகையைக் கற்றுக்கொண்டிருக்கிறாள். காவலருக்குப் பணம் கண்டீர்கள், குழந்தைக்குப் பயிற்சி கொடுத்தீர்கள். துப்பாக்கி புறப்பட்டு வரும் வீட்டின் வாசலில் மட்டும் நின்றுவிட்டீர்கள். இதே மாநிலத்தின் யூவால்டி ஊர்த் தொடக்கப் பள்ளியில் 2022 மே 24 அன்று ஒருவன் புகுந்து சுட்டபோது கிட்டத்தட்ட நானூறு காவலர்கள் வந்து குவிந்தும், 77 நிமிடங்கள் கழித்தே அவன் இருந்த வகுப்பறைக்குள் நுழைந்தார்கள். அதற்குள் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் சுடப்பட்டிருந்தார்கள். காவலரை மட்டும் நம்பச் சொல்லி எங்களைத் தேற்ற இனி முடியாது.

அந்தக் குழந்தைகளின் பெற்றோர் 2023இல் தலைநகர் ஆஸ்டினுக்கு வந்து, இரவு நெடுநேரம் காத்திருந்து உங்கள் குழுவின் முன் சாட்சி சொன்னார்கள். அந்தப் பள்ளியில் சுட்டவன் பயன்படுத்தியது போன்ற அரைத் தானியங்கித் துப்பாக்கி வாங்கும் வயதை 18இலிருந்து 21 ஆக்க வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை. மே 6 அன்று எங்கள் ஆலன் நகரத்து அவுட்லெட் கடைவீதியில் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். பள்ளிச் சீருடைக்கும் காலணிக்கும் நாங்கள் போகும் கடைவீதி அது. இறந்தவர்களில் சிறு குழந்தைகளும் இந்தியாவிலிருந்து வந்திருந்த ஓர் இளம் பொறியாளரும் இருந்தார்கள். இரண்டு நாள் கழித்து, மே 8 அன்று, குழு அந்த மசோதாவை 8க்கு 5 என்று நிறைவேற்றியது. அவையில் விவாதத்துக்கே வராமல், காலக்கெடு முடிந்தது என்ற காரணத்தால் அது செத்துப்போனது. சிகரெட் வாங்க 21 வயது வேண்டும் என்று 2019இல் சட்டம் இயற்ற உங்களுக்கு நேரம் இருந்தது. ஆபத்தான மனநிலையில் இருப்பவரிடமிருந்து நீதிமன்ற ஆணையால் துப்பாக்கியைத் தற்காலிகமாக விலக்கி வைக்கும் முறை இந்த மாநிலத்துக்கு வரவே கூடாது என்று 2025இல் சட்டம் இயற்றவும் நேரம் இருந்தது. எதற்கு நேரம் கிடைக்கிறது, எதற்குக் கிடைப்பதில்லை என்பதை நாங்கள் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

அந்த மசோதாக்களைப் பற்றி இன்னும் சொல்ல நிறைய உண்டு. எனினும் இம்மடலில் நான் கேட்பது அவற்றைவிட மிகச் சிறியது. யாருடைய துப்பாக்கியையும் அது பறிக்காது. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் காக்கும் அரசமைப்பின் இரண்டாம் திருத்தம் இதற்குக் குறுக்கே நிற்கிறது என்று உங்களில் சிலர் கூறலாம். வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமையை உறுதிசெய்த 2008ஆம் ஆண்டு ஹெல்லர் தீர்ப்பிலேயே, விபத்துகளைத் தடுக்கும் பொருட்டுத் துப்பாக்கியைப் பத்திரப்படுத்தும் விதிகள் செல்லாதவை என்று தமது தீர்ப்பைப் பொருள்கொள்ளலாகாது என உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. மிச்சிகன் மாநிலம் 2023இல் இத்தகைய சட்டத்தை இயற்றி, 2024 பிப்ரவரி முதல் நடைமுறைப்படுத்தி வருகிறது. அங்கே வேட்டைக்காரர்களும் இருக்கிறார்கள், துப்பாக்கிகளும் இருக்கின்றன. விரல் ரேகை பட்டதும் நொடியில் திறக்கும் பெட்டகங்கள் கடைகளில் கிடைக்கும்போது, திருடன் வரும் நேரத்தில் பூட்டைத் திறந்துகொண்டிருக்க முடியுமா என்ற கேள்விக்கும் வலுவில்லை.

ஆகவே தாழ்மையுடன் மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். 2027 ஜனவரியில் நீங்கள் கூடும்போது 46.13ஆம் பிரிவைத் திருத்துங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் துப்பாக்கி பூட்டியிருக்க வேண்டும் என்பதைக் கடமையாக்குங்கள். தோட்டா நிரப்பியது, நிரப்பாதது என்ற பேதத்தை எடுத்துவிடுங்கள். வயது வரம்பைப் பதினெட்டாக்குங்கள். மசோதாவைக் குழுவிலேயே கிடத்திவிடாமல் அவையில் பெயர் சொல்லி வாக்களியுங்கள்.

எங்கள் பகுதியின் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் இத்திருத்தத்தை ஆதரிக்கிறார்களா, எதிர்க்கிறார்களா என்பதை எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வரும் பதில்களை, வராத பதில்களோடு சேர்த்து, இப்பகுதித் தமிழ்ப் பெற்றோர் அனைவருக்கும் அறியத் தருவேன்.

இப்படிக்கு,
மரியாதையுடன்,
காலின் மாவட்டத்தில் வாழும் ஒரு தமிழ்த் தாய்