சனிக்கிழமை ஆட்டம்: கொலிங்வுட் – கார்ல்டன்

வணக்கம் உறவுகளே.

வரும் சனிக்கிழமை பிற்பகல் மெல்பேர்ண் எம்.சி.ஜி. மைதானத்தில் ஆஸ்திரேலியக் கால்பந்து அணிகளான கொலிங்வுட்டும் கார்ல்டனும் மோதுகின்றன. எங்கள் குழுவில் இரண்டு பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள். எல்லோரும் ஒன்றாகவே போவோம்.

1. பகல் 12 மணிக்கு ரிச்மண்ட் ரயில் நிலைய வாசலில் சந்திப்பு. அங்கிருந்து நடைதான், கார் வேண்டாம்.

2. மைக்கி பயண அட்டையில் முதல் நாளே காசு போட்டு வையுங்கள்.

3. பிள்ளைகளுக்குத் தடித்த ஸ்வெட்டர், மழை அங்கி கட்டாயம்.

4. முதல்முறை வருவோருக்கு: நடுக் கம்பங்கள் இரண்டுக்கும் இடையே உதைத்தால் 6 புள்ளி, அவற்றின் பக்கத்தில் வெளிக் கம்பத்துக்குள் போனால் 1.

5. சீண்டல் தாராளமாக இருக்கட்டும். 1970 இறுதியாட்டத்தில் பாதி ஆட்டத்தில் 44 புள்ளி பின்தங்கியிருந்தும் வென்றதைக் கார்ல்டன்காரர் சொல்லட்டும். 2023 கோப்பையைக் கொலிங்வுட்காரர் காட்டட்டும். ஆனால் நிறம், இனம், குடும்பம் பற்றி ஒரு சொல்லும் கூடாது. 1993இல் விக்டோரியா பார்க் மைதானத்தில் கொலிங்வுட் ரசிகர்களின் இனவசையைக் கேட்டுத்தான் பூர்வகுடி வீரர் நிக்கி வின்மார் சட்டையை உயர்த்தித் தன் தோலைச் சுட்டிக்காட்டினார். அந்த வலி எங்களுக்குப் புரியாததல்ல. சென்ற வாரம் இங்கே எல்லை மீறிய சில பதிவுகளை நீக்கிவிட்டேன், இனியும் நீக்குவேன்.

டிக்கெட் எத்தனை, பெரியவர் எத்தனை பேர், பிள்ளைகள் எத்தனை பேர் என்று புதன் இரவு 8 மணிக்குள் இங்கேயே எழுதுங்கள். கட்டைவிரல் குறி மட்டும் போதாது. எல்லோருக்கும் அடுத்தடுத்த இருக்கை கிடைக்க வேண்டுமானால் அன்றிரவே பதிவு செய்தாக வேண்டும்.