ஆபிரிக்காவில் கற்பித்த எமது ஆசிரியர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வடமராட்சியில் அண்மையில் காலமான எமது பௌதிகவியல் ஆசிரியரைப் பற்றிய அஞ்சலிக் குறிப்புகளில், நைஜீரியாவிலும் பொட்சுவானாவிலும் அவர் கற்பித்த காலம் முழுவதும் 'வெளிநாட்டில் பணியாற்றியவர்' என்ற ஒரு வரியோடு முடிந்துவிட்டதைக் கண்டு மனம் வருந்தி இதனை எழுதுகிறேன்.

எண்ணெய் வருமானம் பெருகியிருந்த நைஜீரியா, 1976இல் நாடெங்கும் இலவச ஆரம்பக் கல்வியைத் தொடங்கியபோது பாடசாலைகளுக்குப் போதிய ஆசிரியர்கள் இருக்கவில்லை. அக்காலத்தில் ஒப்பந்த அடிப்படையில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் சென்ற பலருள் யாழ்ப்பாணத்துக் கணித, விஞ்ஞான ஆசிரியர்களும் இருந்தனர். எமது ஆசிரியர் சென்றது வடக்கே கானோ நகருக்கு. மார்கழி, தை மாதங்களில் சகாராவிலிருந்து வீசும் ஹார்மட்டான் காற்று வகுப்பறையெங்கும் மெல்லிய புழுதியைப் படியவிடும் என்றும், கரும்பலகையைத் துடைத்துவிட்டுத்தான் முதற்பாடத்தைத் தொடங்க முடியும் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். ஹவுசா மொழியை மாணவரிடமே கேட்டுப் பழகினார். 1983 ஜூலைக் கலவரச் செய்தியும் அங்கேதான், பி.பி.சி. வானொலி வழியாக, அவரை எட்டியது. 1986இல் நைஜீரிய நாணயமான நைராவின் பெறுமதி வீழ்ந்தபின் வீட்டுக்கு அனுப்பும் பணம் சுருங்கவே, பலரைப் போல் அவரும் வேறு நாடு தேடிப் பொட்சுவானா சென்றார். ஊர் திரும்பியவர்கள் சிலரே, அவர் திரும்பினார்.

அந்த அனுபவத்தின் பயனை நேரே பெற்றவர்கள் நாங்கள். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையால் மின்சாரமும் மின்கலமும் இல்லாதிருந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஆய்வுகூடமில்லாத கானோப் பாடசாலையில் செய்து பழகியதைப் போலவே, நூலில் கல்லைக் கட்டி ஊசலாக்கியும் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்றிச் சிறு மின்குமிழை எரியவைத்தும் உயர்தரப் பௌதிகத்தை எமக்குக் கற்பித்தார். ஜாம் போத்தல் விளக்கொளியில் படித்த எங்களுக்கு அந்தக் குமிழின் வெளிச்சம் எத்தகையது என்பதை அக்காலத்தவர் அறிவர்.

அவ்வாறு ஆபிரிக்க நாடுகளில் கற்பித்தவர்களுள் இன்று எஞ்சியிருப்போர் பெரும்பாலும் எண்பதை அண்மித்தவர்கள் அல்லது கடந்தவர்கள். அவர்களின் கடிதங்களும் ஒப்பந்தப் பத்திரங்களும் புகைப்படங்களும் இன்னும் சில வீடுகளில் பெட்டிகளுக்குள் கிடக்கின்றன. தங்கள் பத்திரிகையின் வாரமலரில் அவர்களின் நினைவுகளுக்கு ஒரு பக்கத்தை ஒதுக்குமாறும், அக்காலத்து ஆவணங்களை வைத்திருக்கும் குடும்பத்தினர் அவற்றின் பிரதிகளையேனும் யாழ்ப்பாணப் பொது நூலகத்திடம் ஒப்படைக்க முன்வருமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
பழைய மாணவர் ஒருவர்,
பருத்தித்துறை.