ஈத்தைன் பாடத்தில் பெயரை மட்டும் மாற்றிப் புரப்பைன் பாடம் ஆக்கியிருப்பது குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: கரிம வேதியியல் பயிற்சி நூலிலும் தேர்வுச் செயலியிலும் உள்ள பிழைகள், ஆபத்தான ஒரு செய்முறைக் குறிப்பு

ஐயா / அம்மா,

வணக்கம். என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்காக உங்கள் பயிற்சி நூலையும் அதோடு வரும் செயலியையும் வாங்கினேன். ஈத்தைன், புரப்பைன் என்ற இரண்டு வாயுக்களையும் ஒப்பிடும் பாடத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

செய்முறைப் பகுதியில், அம்மோனியா கலந்த சில்வர் நைட்ரேட் கரைசலில் வாயுவைச் செலுத்தச் சொல்கிறீர்கள். அதுவரை சரி. அடுத்த வரியில், கிடைக்கும் வெள்ளை வீழ்படிவை வடிகட்டி, நன்றாக உலர்த்தி, குப்பியில் போட்டு வைக்கச் சொல்கிறீர்கள். தயவுசெய்து இந்த வரியை இன்றைக்கே நீக்குங்கள். அந்த வெள்ளைத் தூள் சில்வர் அசிட்டிலைடு. உலர்ந்துவிட்டால் லேசான உரசலிலோ சூட்டிலோ வெடிக்கக்கூடியது. சோதனை முடிந்த கையோடு, ஈரம் காய்வதற்குள், நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்து மிதமாகச் சூடாக்கி அதை அழித்துவிட வேண்டும். நான் படித்த காலத்தில் இந்தச் சோதனையைச் சொல்லிக் கொடுக்கும் முன்பே இந்த எச்சரிக்கையைச் சொல்லிவிடுவார்கள். உங்கள் நூலில் அது எங்குமே இல்லை. என் மாணவன் ஒருவன் பக்கத்தைக் காட்டி, "சார், வடிதாளை வெயிலில் காய வைக்கலாமா, இல்லை அடுப்பில் வைக்க வேண்டுமா?" என்று கேட்டான். காய்ந்த தாளிலிருந்து தூளைச் சுரண்டி எடுக்கப்போகும் அவன் விரல்களை நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது.

அதே சோதனையை வைத்தே இரண்டு வாயுக்களையும் வேறுபடுத்தி அறியலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். முடியாது. இரண்டு கார்பன்களுக்கிடையே முப்பிணைப்பு உள்ள சேர்மங்கள்தான் ஆல்கைன்கள். அந்த முப்பிணைப்பின் முனையில் ஹைட்ரஜன் உள்ள எந்த ஆல்கைனும் இந்தச் சோதனைக்கு வீழ்படிவு தரும். ஈத்தைனும் தரும், புரப்பைனும் தரும். வீழ்படிவின் வாய்பாட்டையாவது பார்த்திருக்கலாம். இரண்டுக்கும் ஒரே வாய்பாடு போட்டு, இரண்டு கார்பனும் இரண்டு வெள்ளி அணுக்களும் காட்டியிருக்கிறீர்கள். ஈத்தைனுக்கு அது பொருந்தும், ஏனென்றால் அதில் இரு முனையிலும் ஹைட்ரஜன். புரப்பைனில் மூன்று கார்பன், விட்டுக்கொடுக்கக்கூடிய ஹைட்ரஜன் ஒன்றே ஒன்று. மூன்றாவது கார்பன் எங்கே போயிற்று? ஈத்தைன் பக்கத்தை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி அச்சிட்டிருக்கிறீர்கள் என்று எனக்கு உறுதியானது இந்த இடத்தில்தான்.

அடுத்தது நீரேற்ற வினை. 1881-இல் ரஷ்ய வேதியியலாளர் குச்செரோவ் கண்டறிந்தது. மெர்குரிக் சல்பேட்டும் நீர்த்த கந்தக அமிலமும் இருக்க, ஈத்தைன் நீரோடு சேர்ந்து அசிட்டால்டிஹைடு தரும். புரப்பைன் என்ன தரும் என்ற கேள்விக்கு உங்கள் செயலி ஏற்கும் விடை புரப்பனல் என்ற ஆல்டிஹைடு. சரியான விடை அசிட்டோன் என்ற கீட்டோன். எந்தக் கார்பனில் எது சேரும் என்று சொல்லும் மார்கோவ்னிகாஃப் விதிப்படி ஹைட்ரஜன் முனைக் கார்பனுக்குப் போகும், ஹைட்ராக்சில் நடுக் கார்பனுக்குப் போகும், பிறகு, ஈனால் எனப்படும் அந்த இடைப்பொருள் கீட்டோனாக மாறிவிடும். இந்த முறையில் ஆல்டிஹைடு தரும் ஆல்கைன் ஈத்தைன் ஒன்றுதான். ஒரு மாணவி நோட்டில் நீல மையில் "அசிட்டோன்" என்று சரியாக எழுதியிருந்தாள். செயலி சிவப்புக் குறி காட்டியதும் அதை அடித்துவிட்டு, மேலே சின்ன எழுத்தில் "புரப்பனல்" என்று எழுதிக்கொண்டாள். தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்துவிட்டாள். சரியாக யோசித்த பிள்ளைக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. இதை என்னால் சின்னப் பிழை என்று விட முடியவில்லை.

இரண்டு வாயுக்களையும் வேறுபடுத்திக் காட்டும் வழியும் இந்த வினையிலேயே இருக்கிறது. வாயுவுக்குப் பதிலாக, நீரேற்றத்தில் கிடைத்த பொருளை அதே அம்மோனியா கலந்த சில்வர் நைட்ரேட் கரைசலோடு சேர்த்து டாலன்ஸ் சோதனைக்கு உட்படுத்தினால், அசிட்டால்டிஹைடு குழாயின் உட்சுவரில் கண்ணாடி போல வெள்ளி படியும் 'வெள்ளி ஆடி' தரும், அசிட்டோன் தராது. திருத்தும்போது இதைச் சேர்த்துவிடுங்கள்.

இதையெல்லாம் முன்பே மின்னஞ்சலில் எழுதியிருந்தேன். "இரண்டும் ஆல்கைன்கள், முப்பிணைப்பு ஒன்றுதான், எனவே வினைகளும் ஒன்றுதான்" என்று பதில் வந்தது. இரண்டும் புரோமின் கரைசலின் நிறத்தைப் போக்கும், உண்மைதான். ஆனால் ஈத்தைனின் இரு முனைகளும் ஒரே மாதிரி, எந்தப் பக்கம் எது சேரும் என்ற கேள்வியே எழாது. ஒரு பக்கம் மீத்தைல் தொகுதி வந்த உடனே அந்தக் கேள்வி பிறந்துவிடுகிறது. இந்த இரண்டையும் பிள்ளைகளுக்கு அடுத்தடுத்து நடத்துவதே அதைப் புரியவைக்கத்தான்.

இன்னொன்றும் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. இரண்டும் காற்றைவிட லேசானவை, கசிந்தால் மேல் ஜன்னலைத் திறந்தால் போதும் என்கிறீர்கள். காற்றின் சராசரி மூலக்கூறு நிறை ஏறத்தாழ 29. ஈத்தைன் 26, அது லேசானது. புரப்பைன் 40. அது தரையோடு தங்கும், தீப்பிடிக்கவும் செய்யும். அப்புறம், கொதிநிலை அட்டவணையில் புரப்பைனின் −23 டிகிரி செல்சியஸ் இரண்டு வரிசையிலும் இருக்கிறது. ஈத்தைன் சாதாரண அழுத்தத்தில் திரவமாகவே ஆகாது, ஏறத்தாழ −84 டிகிரியில் திண்மத்திலிருந்து நேரே வாயுவாகிவிடும். இதை அடுத்த பதிப்பில் திருத்தினாலும் போதும்.

நான் கேட்பது இவைதான். வீழ்படிவை உலர்த்தச் சொல்லும் வரியையும் கசிவு பற்றிய வரியையும் நீக்கி, நூலை வாங்கிய எல்லோருக்கும் உடனே எச்சரிக்கை அனுப்புங்கள். செயலியில் விடையைத் திருத்தி, "அசிட்டோன்" என்று எழுதிய பிள்ளைகளின் மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுங்கள், அவர்கள் எழுதியது சரி என்று அவர்களுக்கே தெரிவியுங்கள். திருத்திய பாடத்தை அச்சிடுவதற்கு முன் ஆய்வகத்தில் வேலை செய்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நூலுக்கான பணத்தைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

பிழையுள்ள பக்கங்களின் படங்களை இணைத்திருக்கிறேன். எச்சரிக்கை அனுப்பியதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அதுவரை அந்தச் செய்முறைப் பக்கத்தை என் பிள்ளைகளின் நூல்களிலிருந்து கிழித்து என்னிடமே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளரான ஒரு வேதியியல் ஆசிரியர்