மூத்த உறுப்பினரைக் கண்டுபிடித்துத் தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

திருவள்ளுவர் தின விழாவில் நம் அல்சூர் நூலகத்தின் மூத்த உறுப்பினருக்குச் சால்வை போர்த்துவது என்று முடிவானதும், அவர் யார் என்ற கேள்வி வந்தது. உறுப்பினர் எண் ஒன்று வைத்திருப்பவர்தானே என்றார்கள் சிலர். அப்படியில்லை. நடுவில் உறுப்பினர் பதிவுக்குப் புது நோட்டு போட்டபோது பெயரின் அகரவரிசைப்படி எண்களை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். சேர்ந்த தேதியைத்தான் பார்க்க வேண்டும்.

மங்கிப்போன நோட்டுகளைப் படித்து, எண்ணையும் தேதியையும் கணினியில் ஏற்றிய இரண்டு அக்காமார்களுக்கு முதல் நன்றி. அந்தக் கையெழுத்தில் 1-க்கும் 7-க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது லேசல்ல.

ஞாயிறு என்றும் பாராமல் ஒயிட்ஃபீல்டிலிருந்து பர்ப்பிள் லைன் மெட்ரோவில் வந்த தம்பி, அதைப் பைத்தான் என்ற கணினி நிரல்மொழியில் ஒரு டிக்ஷனரியாக்கினார், அதாவது ஒவ்வொரு கீக்கும் ஒரு வேல்யூ என்று ஜோடி ஜோடியாக வைக்கும் பட்டியல். இங்கே உறுப்பினர் எண் கீ, சேர்ந்த தேதி வேல்யூ. இருப்பதில் சிறியதை எடுத்துத் தர பைத்தானில் 'மின்' என்று ஒரு ஃபங்ஷன், அதாவது தயார் கட்டளை, உண்டு. ஆனால் டிக்ஷனரியை அப்படியே கொடுத்தால் அது கீக்களைத்தான் ஒப்பிடும். உறுப்பினர் எண் ஒன்றே வந்து நிற்கும். வேல்யூவை வைத்து ஒப்பிடு என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

அவருடன் உட்கார்ந்த கல்லூரித் தங்கைக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன். நோட்டில் உள்ளபடி நாள்-மாதம்-ஆண்டு என்று வெறும் எழுத்தாகத் தேதி கிடந்தால், கணினி இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடும். 01-12-2003 போய் 14-01-1971-ஐ முந்திவிடும். ஆண்டுவரை பார்வையே போகாது. எல்லாவற்றையும் பைத்தானில் தேதிகளுக்கென்றே உள்ள டேட்டைம் கொண்டு நிஜத் தேதிகளாக மாற்றிய பிறகே ஒப்பிட விட்டார். கறையான் அரித்துத் தேதி இல்லாமல் போன வரிகளையும் முன்கூட்டியே ஒதுக்கினார். வெற்றிடத்தைத் தேதியோடு ஒப்பிடச் சொன்னால் பைத்தான் பிழை காட்டி நின்றுவிடுமாம். வரிசைப்படுத்தி முதலாவதை எடுக்கலாமே என்று கேட்டேன். விடை கிடைக்கும் சார், ஆனால் ஒரு தேதிக்காக நோட்டு முழுவதையும் அடுக்குவானேன் என்றார்.

அப்புறம் இன்னொன்றும் கேட்டார்: ஒரே நாளில் இருவர் சேர்ந்திருந்தால்? முதலில் தட்டுப்படும் ஒருவரை மட்டுமே மின் தரும். அதனால் மிகப் பழைய தேதியை முதலில் எடுத்து, அந்தத் தேதியுள்ள எல்லாரையும் திரட்டினார். நல்ல வேளை! நூலகம் திறந்த அன்றே சேர்ந்தவர்கள் இரண்டு பேர், அதுவும் இன்றைக்குச் சம்பந்திகள். ஒருவரை விட்டிருந்தால் விழா மேடை என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

சால்வை இரண்டாகிவிட்டது. இரண்டாவதற்குக் காசு வாங்க மறுத்த ஜவுளிக்கடை அண்ணாச்சிக்கும் நன்றி.

தேதி அரித்துப்போன உறுப்பினர்கள், பழைய சந்தா ரசீது இருந்தால் விழாவுக்கு முன்பே கொண்டுவாருங்கள். சேர்த்து மறுபடி ஓட்டிப் பார்க்கத் தம்பியும் தங்கையும் தயார்.

அன்புடன்,
செயலாளர்