தகரப் பெட்டிக்குள் கிடக்கும் மெடிக்கல் போர்டு தாள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ராணுவ ஆள்சேர்ப்பு முகாம் நடக்கும்போதெல்லாம் பையன்கள் ஓடுகிற படத்தைப் பத்திரிகையில் போடுகிறீர்கள், பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். அந்த ஓட்டத்துக்கு அப்புறம் நடக்கிற ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். டாக்டர் பையனை வெறுங்காலோடு நிற்க வைத்து, பாதம் தட்டையா, கட்டைவிரல் சாய்ந்திருக்கிறதா, முட்டிக்கு முட்டி இடிக்கிறதா என்று பார்ப்பார். தட்டைப் பாதம் என்றால் பையன் எவ்வளவு வேகமாக ஓடியிருந்தாலும் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்படித் திரும்பி வந்து பஸ்ஸில் முகத்தை மூடிக்கொண்டு அழுத பையன்களை நான் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சோதித்து எடுத்த காலை, இருபது வருஷம் கழித்து அனுப்பும்போது "உடல்வாகினால் வந்த நோய், சர்வீஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அந்த வரி இருந்தால் ஊனப் பென்ஷன் கிடையாது. எங்கள் கடற்கரை ஊர்களில் அந்த ஒரு வரியை நம்பி வாயை மூடிக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

நான் ஹவில்தாராக ஓய்வு பெற்றவன், சாயல்குடிப் பக்கம். நவம்பர் வந்தால் எங்கள் ஊரில் பென்ஷன் வாங்கும் பெரியவர்களுக்குப் போனில் ஆயுள் சான்று போட்டுக் கொடுப்பேன். போன நவம்பரில் ஒரு அண்ணன் வீட்டில் பென்ஷன் ஆர்டரைத் தேடித் தகரப் பெட்டியைக் கவிழ்த்தபோது, அவருடைய ரிலீஸ் மெடிக்கல் போர்டு, அதாவது பட்டாளத்தை விட்டு அனுப்பும்போது டாக்டர்கள் குழு சோதித்து எழுதுகிற தாளின் நகல் கையில் கிடைத்தது. ஒன்பது வருஷமாக யாரும் பிரிக்காத தாள். இடது பாதத்துக்கு ஊனம் 20 சதவீதம், ஆயுள் முழுக்க என்று எழுதி, அதற்குக் கீழேயே சர்வீஸால் வந்ததும் இல்லை, சர்வீஸால் கூடியதும் இல்லை என்று முடித்திருந்தார்கள். ஏன் இல்லை என்பதற்கு ஒரு காரணமும் எழுதவில்லை.

அந்தக் காலின் கதை எனக்குத் தெரியும். ட்ரெயினிங்கில் முதுகில் பாரத்தோடு ரூட் மார்ச் போகும்போது பாத எலும்பில் விரிசல் விட்டது. அதற்குப் பெயரே மார்ச் ஃபிராக்சர். 1855-லேயே பிரைட்ஹௌப்ட் என்ற பிரஷ்ய ராணுவ டாக்டர், நடந்து நடந்து வீங்கிய சிப்பாய்களின் பாதத்தைப் பார்த்து எழுதி வைத்த நோய் அது. அண்ணனுக்குக் கட்டுப் போட்டார்கள், எலும்பு கூடியது, திரும்ப பூட்ஸுக்குள் போய்விட்டார். பிறகு குதிகால் வலி பிடித்தது, காலையில் முதல் அடி வைத்தால் ஆணி ஏறுகிற மாதிரி வலி. ஆனாலும் சிக் ரிப்போர்ட்டுக்கு, அதாவது உடம்பு சரியில்லை என்று டாக்டரிடம் பதிவு செய்யப் போகவில்லை. போனால் மெடிக்கல் கேட்டகரி (உடல்தகுதித் தரம்) இறங்கும், கேட்டகரி இறங்கினால் புரமோஷன் நிற்கும், வீட்டில் தங்கச்சி கல்யாணம் இருக்கிறது. வலி மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு காலை உடற்பயிற்சியில் (பி.டி.) ஓடினார். பட்டாளத்தில் இருந்த யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். சொல்லாமல் பொறுத்துக்கொண்டவனுக்குத்தான் கடைசியில் கையில் காகிதம் இல்லை. இன்று அவர் ராத்திரி வாட்ச்மேன் வேலைக்குப் போகிறார், பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். வாலிநோக்கம் கடற்கரை மணலில் பத்து அடி நடந்ததும் உட்கார்ந்துவிட்டார், பக்கத்தில் நின்றுகொண்டிருந்த எனக்குப் பார்க்க முடியவில்லை.

"இருபது சதவீதம்தானே தம்பி, அதுக்கு என்ன பெருசா வந்துடப்போகுது" என்றார். இதைத்தான் எல்லாரும் தப்பாக நினைக்கிறார்கள். ஊனப் பென்ஷன் 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு. சம்பளம் 40,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், 20 சதவீத ஊனத்துக்கு மாதம் 2,400 ரூபாய்தான் வரும். ஆனால் 20-லிருந்து 50-க்குள் இருந்தால் அதை 50 ஆகவே எடுத்துக்கொள்ள வேண்டும். முதலில் உடல்நிலை காரணமாக இடையில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் கொடுத்த இந்தச் சலுகை, சர்வீஸை முழுசாக முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பர் 10-ல் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியானால் 2,400 இல்லை, 6,000 ரூபாய், அதற்கு மேல் அகவிலைப்படி. பாதத்துக்கு ஊசியும் மெத்தென்ற செருப்பும் வாங்குகிற வீட்டில் இது சின்னக் காசு இல்லை. (2023 செப்டம்பர் 21 முதல் புது விதிகள் வந்திருக்கின்றன, நான் சொல்வது அதற்கு முன்பு வெளியே வந்தவர்களுக்கு.)

சரி, "சர்வீஸால் வரவில்லை" என்ற வரியை என்ன செய்வது? அதற்கும் பதில் இருக்கிறது. 2013 ஜூலை 2-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சேரும்போது நோய் எதுவும் பதிவாகவில்லை என்றால் அவன் நல்ல உடம்போடுதான் சேர்ந்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும், சர்வீஸால் வந்தது என்று நிரூபிக்கும் பாரத்தைச் சிப்பாயின் தலையில் போடக்கூடாது, சேரும்போது கண்டுபிடித்திருக்க முடியாத நோய் என்று போர்டு சொன்னால் காரணத்தை எழுத வேண்டும். அந்த வழக்கு வலிப்பு நோய் சம்பந்தப்பட்டது, ஆனால் சட்டம் காலுக்கும் அதேதான். அதுவும் பாதம் என்பது முகாமிலேயே கண்ணால் பார்த்துத் தேறிய உறுப்பு, அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எப்படிச் சொல்வார்கள்?

எல்லாக் கால்வலியும் பட்டாளம் கொடுத்தது என்று நான் சொல்லவில்லை. நம் பக்கம் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் புண்ணாகிறவர்கள் இருக்கிறார்கள், வயசுக்கு வருகிற வலியும் உண்டு. சியாச்சினில் பனிக்கடியில் விரல் போனவருக்கும், 1987 முதல் 90 வரை கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் கண்ணிவெடியில் கால் போனவருக்கும் பெரும்பாலும் தாள் இருக்கும். நான் கேட்பது, மெல்ல மெல்லத் தேய்ந்துபோன இந்தப் பாதங்களுக்காக.

முதல் மேல்முறையீட்டுக்கு ஆறு மாதம் கெடு. அண்ணனுக்கு அது எப்போதோ போய்விட்டது. ஆனாலும் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி மனு போடலாம், சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. பென்ஷன் மாதாமாதம் விட்டுப்போகிற விஷயம் என்பதால் லேட்டாக வந்தாலும் கேட்பார்கள், ஆனால் பின்பாக்கி பொதுவாக மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருஷத்துக்குத்தான். தாள் பெட்டியில் கிடந்த மற்ற வருஷங்களின் காசு திரும்ப வராது. அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன். இப்போது சர்வீஸில் இருக்கிற பையன்களும் கேட்டுக்கொள்ளுங்கள், கால் வலித்தால் யூனிட்டின் மருத்துவ அறையான எம்.ஐ. ரூமுக்குப் போய் எழுத வையுங்கள், எக்ஸ்ரே எடுத்தால் அதன் நகலை வீட்டுக்கு அனுப்பி வையுங்கள்.

நமது முன்னாள் படைவீரர் நல அலுவலகம் ராமநாதபுரம் டவுனில் இருக்கிறது. நடக்க முடியாதவர் சாயல்குடியிலிருந்தும் தொண்டியிலிருந்தும் ராமேஸ்வரத்திலிருந்தும் பஸ் ஏறி அங்கே போக வேண்டியிருக்கிறது. மாதம் ஒரு நாள் இந்த ஊர்களுக்கே ஒருவர் வந்து, பெட்டிகளில் கிடக்கிற போர்டு தாள்களை வாங்கி, சதவீதத்தையும் அதற்குக் கீழே இருக்கிற வரியையும் படித்துச் சொன்னால் போதும். உங்கள் பத்திரிகை இதைக் கேட்டு எழுதினால் நடக்கும் என்று நம்புகிறேன்.

அண்ணன் இந்த மாதம் மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டார். எங்கள் பக்கம் உப்புக் காற்றில் காகிதம் சீக்கிரம் பொடிந்துவிடுகிறது, அவருடைய நகலில் டாக்டர் கையெழுத்து இருந்த மூலை தொட்டதுமே உதிர்ந்தது. வீட்டில் அப்படி ஒரு தாள் இருப்பவர்கள் இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஹவில்தார்,
சாயல்குடி வட்டாரம், ராமநாதபுரம் மாவட்டம்.